ஜந்து பிடிக்கும் விளையாட்டுக்கு ஒரு தகுதிச் சான்றிதழ்

அன்புள்ள மகளுக்கு,

ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆய்வாளரும் உன் தகப்பனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். அங்கே நீ நலமா என்று உன் அம்மா தினமும் சமையலறையில் நின்று போனில் விசாரிப்பதையும், நீ நலம் என்று பதில் சொல்வதையும், அவள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டே பேசுவதால் கூடத்தில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்கிறேன். ஆகையால் தனியாக விசாரிக்கவில்லை. நாம் இருவரும் பேசிப் பதினொரு மாதம் ஆகிறது என்பதை நான் ஒன்றும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. அந்தத் தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருப்பதால் போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். துறைமுகத்தில் பாரந்தூக்கிப் பொறியாளர் என்ற பதவி யாருக்கும் லேசில் கிடைப்பதல்ல. நான் ஆட்களைத் தூக்கும் இயந்திரத்தைப் பார்த்தேன், என் மகள் கப்பல் சரக்கையே தூக்கும் இயந்திரத்தைப் பார்க்கிறாள் என்று நம் கட்டிடத்தின் ஏழு மாடிகளிலும் நான் சொல்லி முடித்திருந்த நேரத்தில், நீ ஒரு வருட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீடியோ கேம் செய்யும் கம்பெனியில் போய்ச் சேர்ந்தாய். என்ன வேலை என்று கேட்டதற்கு, விளையாட்டில் வரும் ஜந்துக்களுக்கு நடை அமைக்கும் வேலை என்றாய். இல்லாத ஜந்துக்கு இருக்கிற மனுஷி நடை பழக்குவதா என்று நான் கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. நான்காம் மாடிப் பல் மருத்துவர் வாயில் பஞ்சோடு இருந்த ஒரு ஆளை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தாராம். அன்றிலிருந்து நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போன மாதம் ஒரு பெட்டியில் விளையாட்டு இயந்திரத்தை வைத்து அனுப்பிவிட்டு, அம்மாவிடம் போனில், எனக்குக் கேட்கட்டும் என்றே கொஞ்சம் சத்தமாகச் சொன்னாய்: “அப்பா இதை ஒரு லிஃப்டைச் சோதிக்கிற மாதிரி சோதிச்சுப் பாக்கட்டும். தகுதியில்லன்னு அவர் கையால எழுதிக் குடுத்துட்டா, விடுப்பு முடியறதுக்குள்ள நான் துறைமுகத்துக்கே திரும்பிப் போயிடறேன். பேச்சு மாற மாட்டேன்.” விடுப்பு இந்த மாதக் கடைசியில் முடிகிறது. ஆகவே இந்தக் கடிதம் ஆய்வறிக்கை என்று கொள்க.

ஆய்வு முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு அப்பா சரியாகப் பார்க்கவில்லை என்ற பேச்சு வரக்கூடாது. எந்த லிஃப்டிலும் நான் எடுத்த எடுப்பில் ஏறியதில்லை என்பது உனக்குத் தெரியும். கதவை விரல்முட்டியால் மூன்று முறை தட்ட வேண்டும், காதை வைத்துக் கேட்க வேண்டும், கழுத்தில் தொங்கும் டார்ச்சால் இடுக்கைப் பார்க்க வேண்டும், கடைசியில் வலது காலை மட்டும் உள்ளே வைத்து இரண்டு அழுத்து அழுத்திவிட்டு ஏற வேண்டும். முப்பத்து நான்கு வருடத்தில் என் கையெழுத்து உள்ள ஒரு லிஃப்டுகூட விழவில்லை என்றால் அந்த இரண்டு அழுத்துதான் காரணம். இதையே நான் உன் பள்ளிக்கூட வாசலிலும், சொந்தக்காரர்கள் வீட்டு வாசலிலும், ஒருமுறை உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டு வாசலிலும் செய்தேன் என்பதற்காக நீ என்னோடு வெளியே வருவதையே நிறுத்தினாய். அது பழைய கதை, இங்கே வேண்டாம். சொல்ல வந்தது என்னவென்றால், உன் விளையாட்டையும் அதே ஒழுங்கில்தான் தொடங்கினேன். முதலில் ஒரு உருவத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. இரட்டைப் பின்னல் போட்ட பெண்ணைத் தேர்ந்தெடுத்தேன், வேறு காரணம் எதுவுமில்லை, மற்றவர்கள் எல்லாருக்கும் தலைமுடி கண்ணில் விழுகிறது. அந்தப் பெண் ஒரு அறையில் கட்டிலிலிருந்து எழுந்து நிற்கிறாள். எல்லாரும் இரண்டு நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடிவிடுவார்களாம். நான் நான்கு நாள் அந்த அறையிலேயே இருந்தேன். கதவை நூற்றுப் பன்னிரண்டு முறை திறந்து மூடினேன். எழுபதாவது தடவையில் கதவு திறக்காமலே அந்தப் பெண் கதவின் வழியாக வெளியே போய்விட்டு அதன் வழியாகவே திரும்பி வந்தாள். குறை எண் ஒன்று. நான்காம் நாள் உன் அம்மா, “அந்தப் பொண்ணு வெளிய போய் நாலு இடம் பாக்கட்டுமேங்க, பெத்தவங்க பாத்தா என்ன நினைப்பாங்க?” என்றாள். அது பொதுவாகச் சொன்னதா, குத்திச் சொன்னதா என்று இன்றுவரை தெரியவில்லை.

வெளியே போனேன். போனால் ஒரு பெரிய புல்வெளி, நான்கு பக்கமும் பாதை, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்ல ஒரு ஜீவன் கிடையாது. கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியர் மட்டும் வந்து, இந்த உலகம் உன்னுடையது, உன் புதையலை நீயே தேடிக் கண்டுபிடி என்று ஏழு நிமிடம் பேசினார். நடுவில் நிறுத்த வழியில்லை, நானும் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். பேசியதில் பாதியை ஒரே ஒரு அம்புக்குறி செய்திருக்கும். நான் நேரே கிழக்கே நடந்தேன். வழியில் குட்டி குட்டி ஜந்துக்கள் வாலாட்டிக்கொண்டு நின்றன. அவற்றின் மேல் பந்தை எறிந்தால் பந்துக்குள் போய்விடும், நம்முடையதாகிவிடும், நமக்காகச் சண்டை போடும் என்று விதி. கேட்காமல் கொள்ளாமல் ஒரு உயிரைப் பிடித்துப் பந்தில் அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, அதனால் யாரையும் தொந்தரவு செய்யாமல் போனேன். அதன் பலன், மூன்று மலை தாண்டியதும் ஆறுமாடி உயரத்தில் ஒரு ஜந்து எழுந்து நின்று என்னைப் பார்த்து மூச்சு விட்டது. மூச்சுதான் விட்டது. நான் தொடங்கிய இடத்திலேயே கிடந்தேன். திறந்த உலகம் என்று சொல்லி எல்லாக் கதவையும் திறந்து வைத்தால் போதுமா? இந்தப் பக்கம் போனால் உனக்குத் தாங்காது என்று ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டாமா? எடை கூடினால் மணி அடிக்காத லிஃப்டை நான் அன்றைக்கே பூட்டுப் போட்டு மூடியிருப்பேன்.

இந்த இடத்தில்தான் மெக்கானிக் வந்து சேர்ந்தார். உனக்குத் தெரியுமே, நான் மூடிய லிஃப்டையெல்லாம் மறுநாளே திறக்க வைத்து முப்பது வருடம் என் ரத்த அழுத்தத்தைக் காப்பாற்றி வந்தவர். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார், வீட்டில் திறக்கவோ மூடவோ ஒன்றும் இல்லாமல் மத்தியானம் மூன்று மணிக்கு இங்கே வந்துவிடுகிறார். நீங்க தாள்ல எழுதுங்க சார், நான் ஓட்டிப் பாக்கறேன் என்று பொத்தான்கள் உள்ள கைப்பிடியை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து எடை சோதனை செய்தோம். ஒரு பாலத்தின் மேல் அதற்குள் தாங்களாகவே எங்களிடம் வந்து சேர்ந்திருந்த ஜந்துக்கள் அத்தனையையும் வெளியே விட்டு நிற்க வைத்தோம். பாலம் தாங்கியது, உலகம் தாங்கவில்லை. எல்லாமே நின்று நின்று நகர ஆரம்பித்தது. தூரத்தில் ஒரு காற்றாலை, கார்பன் தேய்ந்த மோட்டார் மாதிரி ஒரு துடிப்பு சுற்றுவதும் நிற்பதுமாக இருந்தது. தூரத்தில் நடக்கும் மனிதர்களும் அப்படித்தான், கிட்டே போனால் ஒழுங்காக நடக்கிறார்கள், தள்ளிப்போனால் நொண்டுகிறார்கள். மரங்கள் நாம் பக்கத்தில் போன பிறகுதான் அவசர அவசரமாக முளைக்கின்றன. “மேலதிகாரி வர்றார்னு தெரிஞ்சதும் நம்ம ஆபீஸ்ல எல்லாரும் எழுந்து நிப்பாங்களே, அது மாதிரி இருக்கு சார்” என்றார் மெக்கானிக். அதையும் எழுதிக்கொண்டேன். ஊர்களுக்குள் போனால் வீடுகள் அழகாக இருக்கின்றன, ஆனால் அறுபத்திரண்டு கதவுகளில் ஐம்பத்தேழு திறப்பதே இல்லை, சுவரில் வரைந்த கதவுகள். வாழ்நாள் முழுவதும் கதவோடு வாழ்ந்த ஒருவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் ஏது சொல்.

அடுத்த நாள் நடந்ததை நிதானமாகச் சொல்ல முயல்கிறேன். ஒரு அருவிக்குப் பக்கத்தில் கல்மேடை. அந்தப் பெண்ணை ஓரத்தில் நிறுத்தி, குனியும் பொத்தானை இரண்டு முறை அழுத்தினேன், வழக்கமான சோதனைதான். மேடை அப்படியே இருந்தது, அவள் அதன் வழியாகக் கீழே போய்விட்டாள். கல்லுக்குக் கீழே மண் இல்லை, மண்ணுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. விழுகிறாள், விழுகிறாள், விழுந்துகொண்டே இருக்கிறாள். தலைக்கு மேலே மொத்த உலகமும் தெரிகிறது, வீடுகளுக்கெல்லாம் அடித்தளமே கிடையாது, கடலுக்கு அடிப்பக்கம் கிடையாது, எல்லாம் தகரத் தட்டு மாதிரி மிதக்கிறது. முப்பத்து நான்கு வருடம் எது நடக்கக்கூடாது என்று நான் தட்டித் தட்டிப் பார்த்தேனோ, அது என் கையாலேயே நடக்கிறது. மெக்கானிக் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “பள்ளத்துல, விழுந்தா தாங்கற பஃபர் ஸ்பிரிங் வெக்கலியே சார்” என்றார். நான் சத்தம் போட்டு உன் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்துவிட்டு, “சாப்பாடு ஆறிப்போகுது. சாப்பிட்டு வந்து மிச்சத்தை விழுங்க” என்றாள். சாப்பிட்டுவிட்டு வந்தேன், இன்னும் விழுந்துகொண்டிருந்தாள். கடைசியில் மெக்கானிக் தன் பழைய வைத்தியத்தைச் செய்தார், அதாவது மின்சார ப்ளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினார். பிறகு பார்த்தால் அந்தப் பெண் ஒன்றும் நடக்காதது மாதிரி அருவிக்கரையில் நின்று பின்னலைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். நான்தான் அன்று மாலை வரை கைப்பிடியைத் தொடவில்லை. குறை எண் பத்தொன்பது, அடிக்கோடிட்டது.

உன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் கைப்பிடியை வாங்கி வைத்துக்கொண்டவள், அவள் பேரில் ஒரு தனிக் கணக்கே தொடங்கிவிட்டாள். நான் இருபது நாளில் ஒன்பது ஜந்து பிடித்திருக்கிறேன், அதுவும் தாங்களாகவே என்னிடம் வந்தவை. அவள் இருநூற்றுப் பன்னிரண்டு. மருந்துக்கடை வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பிடிக்க ஆரம்பிக்கிறாள். பேர் வேறு வைக்கிறாள். எப்போதும் கத்திக்கொண்டே வந்து நிற்காமல் போகும் ஒரு பறவைக்கு என் அக்காவின் பேர். தூங்கிக்கொண்டே சண்டை போடும் ஒன்றுக்கு என் சித்தப்பாவின் பேர். நேற்று கூடத்தில் உட்கார்ந்து, “உங்க அக்காவுக்கு இப்பதான் இறக்கை முளைச்சிருக்கு, இனி பிடிக்கவே முடியாது” என்று சொல்லிச் சிரிக்கிறாள். என் குடும்பத்தாரை இத்தனை பாசத்தோடு அவள் கவனித்து நான் பார்த்ததில்லை. இதை நிறையாக எழுதுவதா குறையாக எழுதுவதா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். “அதுல மட்டும் கையெழுத்துப் போடாதீங்க சார்” என்றார்.

நிறை என்றதும் நினைவு வருகிறது. ஆய்வு எழுத வேண்டிய ஏழாம் எண் படிவம் உனக்கு ஞாபகம் இருக்கும், அதன் பின்பக்கத்தில்தான் நீ படம் வரைந்து பழகினாய். எங்கள் பழைய தலைமை ஆய்வாளர் அதில் ஒரு விதி வைத்துவிட்டுப் போனார். குறைகளை எழுதும் முன் குறைந்தது ஐந்து நிறைகளைச் சோதித்தவர் தன் கையாலேயே எழுத வேண்டும், இல்லையென்றால் படிவம் செல்லாது. அதன்படி நான் இந்த விளையாட்டில் ஐந்து நிறை தேடினேன். காற்றடித்தால் புல் ஒரே பக்கமாகச் சாய்வதில்லை, அதது அதன் இஷ்டத்துக்குச் சாய்கிறது, ஒன்று. மழை வந்தால் சின்ன ஜந்துக்கள் பெரிய ஜந்துக்களின் வயிற்றுக்குக் கீழே போய் ஒதுங்குகின்றன, இரண்டு. மழையும் நல்ல மழை. மழையைப் பற்றி எனக்குத் தெரியும், ஆறு வருடம் உன் நீச்சல் வகுப்பு வாசலில் குடையோடு நின்றவன் நான். மூன்றாவது, தோற்றுப்போனால் திட்டுவதில்லை. நான்காவதைக் கொஞ்சம் விரித்து எழுத வேண்டியிருக்கிறது. முப்பத்து நான்கு வருட வேலையில் எனக்கு இருந்தது இரண்டே திசை, மேலே, கீழே. ஒரு நாள் மத்தியானம் மெக்கானிக் வரவில்லை, அம்மா கடையில் இருந்தாள். தொலைவில் பொட்டு மாதிரி ஒரு கோபுரம் தெரிந்தது. அது சுவரில் வரைந்த கதவு மாதிரி வெறும் படமாகத்தான் இருக்கும், குறை எண் முப்பது என்று எழுதிவிடலாம் என்று, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தேன். ஆறு தாண்டி, மணல் தாண்டி, ஒரு மணி நேரம் நடந்தேன். கோபுரம் உண்மையாகவே அங்கே இருந்தது. படி இருந்தது, ஏற முடிந்தது. மேலே நின்று பார்த்தால் நான் புறப்பட்ட அந்தச் சின்ன வீடு பொட்டு மாதிரி தெரிந்தது. எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. பேனா மை காய்ந்துவிட்டது. இப்படியே ஐந்தையும் தாண்டி நிறைகள் படிவத்தில் இடம் போதாமல் மூன்று தனித்தாள்களில் போய்விட்டன, குறைகள் ஒன்றரைத் தாள்தான். அதற்காக நீ ஒரு முடிவுக்கும் வந்துவிட வேண்டாம். தலைமை ஆய்வாளர் கிளப்பிவிட்ட பழக்கம், தொடங்கினால் நிற்பதில்லை.

ஏனென்றால் குறை எண் நாற்பத்தொன்று இன்னும் பாக்கி. அந்த ஒரு குறைக்காகவே இந்த விளையாட்டை நிராகரிக்கலாம். அதில் ஒரு ஜந்து இருக்கிறது. ஆமை மாதிரி உடம்பு, முதுகில் அலமாரிக் கதவு மாதிரி சதுர ஓடு, தடித்த புருவம், கழுத்தில் மினுக் மினுக்கென்று ஒரு விளக்கு. உன் அம்மா அதற்குக் கதவாமை என்று பேர் வைத்திருக்கிறாள். நான் பிடிக்கவில்லை, அதுவாக என் பின்னால் வந்துவிட்டது. எங்கே போனாலும் வாசலில் நின்றுவிடும். மூன்று முறை தட்டும். காதை வைத்துக் கேட்கும். தலையை ஆட்டும். பிறகு ஒரு காலை மட்டும் வைத்து அமுக்கிப் பார்க்கும், மறுபடியும் அமுக்கிப் பார்க்கும், அதற்குள் சண்டை போட வந்தவன் சண்டையை முடித்துக்கொண்டு வீட்டுக்கே போய்விடுவான். நெருப்புக் கக்குமா என்றால் இல்லை, பறக்குமா என்றால் இல்லை. திரையில் அதைப் பற்றிய குறிப்பு வேறு: வேகம் குறைவு, பிடிவாதம் அதிகம், தான் சோதிக்காத இடத்துக்குத் தனக்கு வேண்டியவர்களை முன்னால் போக விடாது. இதெல்லாம் ஒரு குணமா? நான் ஒரு கடைக்குள் போய் அரைமணி நேரம் கழித்து வந்தேன், கொட்டும் மழையில் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறது, ஒதுங்கக்கூடத் தெரியவில்லை. மற்ற ஜந்துக்களெல்லாம் ஒழுங்காகப் பெரியவற்றின் வயிற்றுக்கடியில் ஒதுங்கியிருக்கின்றன. இப்படி ஒரு பிரயோஜனமில்லாத பிராணிக்கு எந்த வேலையற்றவர் உட்கார்ந்து இத்தனை பொறுமையாக நடை அமைத்தார் என்று நான் கேட்டேன். கேட்டதும் மெக்கானிக்குக்கு டீ புரையேறியது. உன் அம்மா முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. “என்ன சிரிப்பு?” என்றேன். “ஒண்ணுமில்ல சார், எங்கயோ பாத்த மாதிரி இருக்கு” என்றார் மெக்கானிக். முப்பது வருடமாக அவருக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு வரும், காரணம் சொல்ல மாட்டார்.

ஆகவே, அனைத்தையும் சோதித்து, நிறைகளையும் முறைப்படி கணக்கில் கொண்டு, என் முடிவைப் படிவத்தின் கீழே எழுதிவிட்டேன்: தகுதியற்றது, இயக்கத்தை நிறுத்துக. கையெழுத்தும் போட்டாயிற்று. எழுதும்போது உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, “உங்களுக்கே தெரிஞ்சுதான் எழுதறீங்களா?” என்றாள். தரை வழியாக ஆள் விழுந்துகொண்டே இருக்கிற உலகத்துக்கு நான் எப்படிச் சான்றிதழ் தருவேன், அப்புறம் முப்பத்து நான்கு வருடத்துக்கு என்ன மரியாதை என்றேன். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். மெக்கானிக் மட்டும் போகும்போது, “பாப்பாவுக்குத் தெரியும் சார், நீங்க பொய் எழுத மாட்டீங்கன்னு. அதனாலதான் உங்ககிட்டயே குடுத்திருக்கு” என்றார். அவர் சொன்னதில் என்ன குத்தல் என்று யோசித்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. நீ பேச்சு மாற மாட்டாய் என்று எனக்கும் தெரியும். மாதம் முடிவதற்குள் துறைமுகத்தில் போய்ச் சேர்ந்துகொள். பழைய நாற்காலி அப்படியே இருக்குமா என்று விசாரித்துவிட்டுப் போ.

எந்த ஊரில் எந்த மாடியில் இருந்தாலும் உன் கயிறு தேயாமல், பிரேக் நழுவாமல், நீ நிற்க வேண்டிய தளத்தில் நின்று, கதவு நேரத்துக்குத் திறக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

அப்பா

பின்குறிப்பு: வாலு, உறையைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன், அதனால்தான் ஒட்டுத்தாள் போட்டிருக்கிறது. கடிதத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு தபாலில் சேர்க்கப் புறப்பட்டேன். நம் கட்டிட லிஃப்டில் போன வாரம் பின்சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள், நான் இந்த விளையாட்டில் மூழ்கிக் கிடந்ததில் ஒரு வாரமாகக் கீழே இறங்கவே இல்லை. லிஃப்ட் வந்தது. கதவைத் தட்டினேன், காதை வைத்தேன். கதவு திறந்தது. உள்ளே பல் மருத்துவர் நின்றுகொண்டிருந்தார். டார்ச்சைப் போட்டு இடுக்கைப் பார்த்துவிட்டு, வலது காலை வைத்து ஒரு அழுத்து அழுத்தி நிமிர்ந்தால், அவருக்குப் பின்னால் கண்ணாடிக்குள் கதவாமை நிற்கிறது. அதே புருவம். கழுத்தில் விளக்கு. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

இரண்டாவது அழுத்து அழுத்தவில்லை. “வர்றீங்களா சார்?” என்றார் மருத்துவர். நீங்க போங்க என்றேன். திரும்பி வந்தபோது அம்மா கதவைத் திறந்துகொண்டே நின்றாள். “தெரிஞ்சுதா?” என்றாள். தெரிஞ்சுது என்றேன். “முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்று நான் கேட்டதற்கு, “சொன்னா ஒத்துக்கிட்டிருப்பீங்களா? நீங்களா பாத்து எழுதணும்னுதான் அவ சொல்லிட்டா” என்றாள். எத்தனை வருடம் நீ என் பின்னால் பத்தடி தள்ளி நடந்து வந்தாய். வெட்கத்தில் என்று நினைத்திருந்தேன். பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

படிவத்தில் ‘தகுதியற்றது’ என்பதை அடித்துவிட்டு ‘தகுதியுடையது’ என்று எழுதியிருக்கிறேன். அடித்த இடத்தில் விதிப்படி சுருக்கொப்பமும் இருக்கிறது. மேலே எழுதியதில் குறை எண் நாற்பத்தொன்று ரத்து. பத்தொன்பது அப்படியே நிற்கிறது, அந்தத் தரையை யாரையாவது விட்டுச் சரிபார்க்கச் சொல், அந்தப் பெண் மறுபடி விழக்கூடாது. துறைமுகத்துக்கு, வர இயலாது என்று நீயே ஒரு வரி எழுதிப் போட்டுவிடு. நாட்காட்டியை அம்மா கழற்றிவிட்டாள். இனி நீ போன் செய்யும்போது அம்மா ஸ்பீக்கரைப் போட வேண்டாம், நான் பக்கத்திலேயே இருப்பேன்.

சான்றிதழுக்கு ஒரே ஒரு நிபந்தனை. கதவாமையின் நடையில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அது மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது. நான் ஒருநாளாவது அப்படி நின்றிருக்கிறேனா? அதன் கையில் ஒரு குடை கொடு. பெரிய குடையாகக் கொடு, நீச்சல் வகுப்பு முடிந்து நீயும் வருவாய் அல்லவா.